தகரத் தட்டில் ஒரு தேசிக்காய்

முதலில் மணம்தான் வரும். காலை ஆறரைக்கு வெளிவாசல் பூட்டைத் திறக்கும்போதே ஈரப்புல்லுக்குள் ஊறிக் கிடக்கும் பெற்றோல் மணம். இனிப்பாய், தொண்டையின் பின்சுவரில் பசைபோல் ஒட்டிக்கொள்வது. அதற்குக் கீழே உணவுச்சாலையில் நேற்றுப் பொரித்த உருளைக்கிழங்கின் எண்ணெய். அதற்கும் கீழே ஆண்கள் கழிப்பறை. பதினொரு வருடமாக இந்த மூன்று படையையும் ஒவ்வொரு காலையும் மூக்கால் உரித்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.

நான் துப்புரவு செய்யும் இடம் ஜேர்மனியில் ஒரு சின்ன விமான நிலையம். பெட்டி உருட்டும் சனம், கண்ணீரோடு கட்டிப்பிடிக்கும் சனம், கடவுச்சீட்டை நீட்டிவிட்டு நெஞ்சு இடிக்க நிற்கும் சனம், இவை ஒன்றும் இங்கே இல்லை. நகரசபைக்கு ஒரு நீச்சல் தடாகமும் இரண்டு மயானங்களும் சொந்தமாக இருப்பதுபோல இதுவும் சொந்தம். ஓர் ஓடுபாதை, நான்கு கொட்டகைகள், ஓர் எரிபொருள் பம்ப், மேல்மாடியில் நாலாபக்கமும் தெரியும் ஒரு கண்ணாடி அறை. வசதியுள்ளவர்கள் சனிக்கிழமைகளில் வந்து தங்கள் சின்ன விமானங்களில் எழும்பி, சோள வயல்களுக்கு மேலே ஒரு வட்டம் அடித்து, எழும்பிய இடத்திலேயே வந்து இறங்குவார்கள். இறங்கியதும் அவர்களுக்குப் பசிக்கும். தின்பார்கள். பிறகு என் கழிப்பறைக்கு வருவார்கள்.

வெயில் காலத்தில் விமானச் செட்டைகளின் முன்விளிம்பு முழுக்கப் பூச்சி. மஞ்சளும் பச்சையுமாய்ச் சிதறிய சளி, அதில் ஒட்டியபடி ஒரு கால், அரை இறகு. காய்வதற்குள் துடைக்காவிட்டால் நகத்தால்தான் சுரண்டவேண்டும். வானத்தில் போனவர்கள் வானத்திலிருந்து கொண்டுவருவது இதைத்தான். அதை வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவுகிறவன் நான்.

ஆனால் நாளின் முதல் வேலை வேறு. விமானங்கள் நிற்கும் கொங்கிறீட் தரிப்பிடத்தை ஒரு தகரத் தட்டோடு நடந்து முடிக்கவேண்டும். கல், திருகாணி, போத்தல் மூடி, பாண் துண்டு, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் பொறுக்கவேண்டும். சின்னக் கல்லொன்று விமானத்தின் மூக்கு விசிறியில் அடித்தால் விசிறி போய்விடும். தின்கிற சாமான் கிடந்தால் காகம் வரும். எழும்புகிற விமானத்துக்கு ஒரு காகம் போதும். பொறுக்கியதைத் தட்டோடு கண்ணாடி அறைக்குக் கொண்டுபோவேன். அங்கே நிலையத்தின் பொறுப்பதிகாரி இருப்பார். அறுபதை எட்டிப்பிடிக்கப் போகும் பெண்மணி. ஒட்ட வெட்டிய நரைமுடி, மேசையில் புதினாத் தேநீர்க் குடுவை.

"என்ன கிடைத்தது?" என்பார். வணக்கம் அதற்குப் பிறகுதான்.

நான் சொல்வேன். அவர் பதிவுப் புத்தகத்தில் எழுதுவார். ஒருநாள் கொண்டையூசி ஒன்றை வைத்தேன். "கொண்டையூசி, ஒன்று. பம்பிலிருந்து நாலு மீற்றர்" என்று எழுதினார்.

"இதையுமா எழுதுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"இதைத்தான். பெரிய விசயம் நடந்தால் ஒருவரும் மறக்கமாட்டார்கள். அதற்குப் புத்தகம் தேவையில்லை."

இந்த நாட்டில் என் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையை, அத்தாட்சிப் பத்திரம் கேட்காமல், மொழிபெயர்ப்பாளன் வைக்காமல், அப்படியே மையால் எழுதிக்கொண்ட மேசை அந்த ஒன்றுதான். அதனால்தான் கழிப்பறையின் மணத்தையும் பொறுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் நிலையத்தின் தலையில் கத்தி தொங்கியது. இலையுதிர் காலத்தில் நகரசபை முடிவெடுக்கப் போகிறது: வைத்திருப்பதா, மூடிவிட்டு வீடு கட்டுவதா. "அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு அசம்பாவிதம்" என்றார் பொறுப்பதிகாரி ஒரு காலை, தேநீரைப் பார்த்தபடி. "புத்தகத்தில் ஒரு வரி. அதைக் காட்டி மூடிவிடுவார்கள்." அவர் கல்யாணம் கட்டவில்லை. இருபத்தைந்து வருடம் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே இருந்திருக்கிறார். வேறு எங்கே போவார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதற்குள்தான் எங்கள் கோயில் நுழைந்தது.

இங்கே எங்கள் கோயில் ஒரு பழைய கம்பளக் கடை. கைத்தொழில் பேட்டையில், டயர் மாற்றும் இடத்துக்கும் மலிவுக் கடைக்கும் நடுவில். வைகாசியில் திருவிழா. கோயில் சபைத் தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் வீட்டுக்கு வந்தார். சோபாவின் நடுவில் இருந்தார். அவர் எங்கே இருந்தாலும் அது நடுவாகிவிடும்.

"தம்பி, உம்மட விமான நிலையத்தில ஒரு அலுவல்."

"என்ர இல்லை அண்ணை, நகரசபையின்ர. நான் அங்க கக்கூஸ் கழுவுறன்."

"கழுவுறவனிட்டத்தான் எல்லாத் திறப்பும் இருக்கும்." தன் பகிடிக்குத் தானே சிரித்தார். "ஹம் கோயிலில தேர் இழுக்கினம். சனமெண்டால் கடல். எங்களிட்டத் தேருமில்லை, கடலுமில்லை. ஆனா வானம் இருக்குத்தானே? ஊரில இப்ப ஹெலியில இருந்து பூப் போடுறாங்கள். இஞ்ச ஒருத்தரும் போடேல்லை. சாமி வெளிவீதி வரேக்க நாங்கள் மேலயிருந்து பூ மழை. ஜேர்மனியில நாங்கள்தான் முதல்."

குசினியிலிருந்து என் மனைவி: "அண்ணை, கோயில் கூரை ஒழுகுதெண்டு போன கிழமை சொன்னியள். மேல ஏறுறதெண்டால் முதல் அதில ஏறிப் பாருங்கோவன்."

"தங்கச்சிக்கு எப்பவும் பகிடி" என்றார் தலைவர், தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு. அவர் உறிஞ்சும் சத்தம் எனக்கு ஆகாது. முதல் என்ற சொல்லை அவர் சொல்லும்போது உதட்டோரத்தில் ஈரம் பளபளக்கும், அதுவும் ஆகாது. சாமிக்கு மேலே பூப் போடும் ஆசையில் சாமியைத் தவிர எல்லாம் இருந்தது.

ஆனாலும் ஓம் என்றேன். ஏனென்றால் அந்தக் கோயிலில் அதுவரை கதிரை அடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று எனக்காக ஒருவர் சோபாவில் வந்து காத்திருந்தார். என் அருவருப்பு அந்த அளவுக்கு மலிவாக இருந்தது.

அன்ட்ராக், அதாவது அனுமதி விண்ணப்பம், எழுத மூன்று மாலை ஆனது. பறக்கும் உயரம், நேரம், கொட்டும் பொருள், பாரம். பொறுப்பதிகாரி ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"பூ மட்டும்தானா?"

"இதழ் மட்டும்."

"நூல்? கம்பி?"

"இல்லை."

அவர் முகத்தில் அதுவரை நான் காணாத ஒன்று வந்தது. ஆசை. "ஊர்ச்சனம் எங்களை அண்ணாந்து பார்த்தால் நல்லதுதான். இதுவரை சத்தம் என்று முறைப்பாடு எழுதத்தான் பார்த்தார்கள். நகரசபை ஆட்களையும் கூப்பிடுகிறேன்" என்றார். அனுமதி வந்தது. தலைகளுக்கு மேலே அல்ல, கோயிலுக்குப் பக்கத்துச் சோள வயலுக்கு மேலே கொட்டவேண்டும். தனி இதழ் மட்டும். தரிப்பிடத்தில் உணவுப் பொருள் கூடாது, நெருப்புக் கூடாது. கடைசி இரண்டின் கீழும் அவர் பென்சிலால் கோடு போட்டுத் தந்தார். கீழே அவருடைய கையெழுத்து.

அதைச் சபைக் கூட்டத்தில் இரண்டு தரம் தமிழில் வாசித்தேன். "சாப்பாடு இல்லை, நெருப்பு இல்லை. விளங்கிச்சுது" என்றார் தலைவர். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் எங்களை ஒருவராலும் வெல்ல ஏலாது.

திருவிழாவுக்கு முதல்நாள் கோயில் நிலத்தில் பெண்கள் வட்டமாக இருந்து இதழ் உரித்தார்கள். பூ முழுவதையும் ஒருவரே வாங்கித் தருவதாகச் சொன்னபோது மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு வீடும் தன் பங்குக்குப் பை கொண்டுவந்தது. விலை குறைத்த ஒட்டுத்தாளோடு சந்தைக் கடை ரோசா. தண்டில் றப்பர் வளையம். ஏற்கெனவே வாசலில் ஒரு கிழமை நின்ற செவ்வந்தி.

"இது செத்த வீட்டுக்கு வாங்கினதோ அக்கா?"

"உம்மட சாம்பிராணி முகத்துக்கு இது காணும். உரியும்."

"மேலயிருந்து என்ர பூ எது, உங்கட பூ எது எண்டு சாமிக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ உரிக்கிற வடிவில அது வெறும் காம்பாத்தான் விழும். அதைக் கண்டால் தெரியும்."

சிரிப்பு. நானும் சிரித்தேன். கூடவே ஈரத்தைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட உரித்த இதழ்களைக் கறுப்புக் குப்பைப் பைகளில் அமுக்கிக் கட்டிக் குசினிச் சுவரோரம் அடுக்கினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் விடியும்வரை அன்னதான அடுப்பு எரியும்.

காலையில் ஒரு பையை அவிழ்த்தேன். உள்ளேயிருந்து சூடு வந்து முகத்தில் அடித்தது, நாய் வாய் திறந்தாற்போல. மேலே சிவப்பு. கையை விட்டால் கீழே மண்ணிறக் கூழ், விரலுக்கிடையில் நூல் நூலாய் இழுபட்டது. பூவின் மணம் தன் எல்லையைத் தாண்டிப் பிணத்தின் பக்கம் போய்விட்டிருந்தது. தலைவரிடம் கையை நீட்டிக் காட்டினேன்.

"மேலயிருந்து விழேக்க ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். "பூ பூத்தான். ஏத்தும்."

அன்றைக்கு எனக்கு எல்லாமே நாறியது. நாற்றத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையும் என்னுடையதாகவே இருந்தது.

பத்து மணிக்குத் தலைவர் உட்பட ஆறு பேர் நிலையத்துக்கு வந்தார்கள். பட்டு வேட்டி, வெறும் மேல், அதன்மேல் நான் கொடுத்த செம்மஞ்சள் பாதுகாப்பு மேலங்கி, அதன்மேல் சங்கிலி. விமானி ஓய்வுபெற்ற பல் வைத்தியர். அவருடைய நாலு இருக்கை வெள்ளை விமானம் எண்ணெய் அடித்துவிட்டுப் பம்புக்குப் பக்கத்திலேயே நின்றது. அவர் கழிப்பறைக்குப் போயிருந்தார். நான் எட்டு மணியிலிருந்து அந்தக் கழிப்பறைக்குள்தான் நின்றேன். யாரோ அடைத்து வைத்திருந்தார்கள், நிலம் முழுக்கத் தண்ணீர். அதே சப்பாத்தோடு ஒரு தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு பூப் பைகளை ஏற்றிவர வாசலுக்குப் போனேன். ஐந்து நிமிடம்கூட இல்லை.

திரும்பிக் கொட்டகை மூலையைக் கடந்தபோது கண்டேன். விமானத்தின் மூக்கில் மூன்று விரல் திருநீறு. விசிறியின் நடுவில் சந்தனம், குங்குமம். மூன்று சில்லுக்கும் முன்னால் மூன்று தேசிக்காய். தலைவர் குந்தியிருந்து, கொங்கிறீட்டில் வைத்த தேங்காயின் மேல் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார். ஒருவர் தொலைபேசியில் படம் பிடித்தார். பம்ப் மூன்று எட்டுத் தூரத்தில். நெருப்பைச் சிவப்புக் கோட்டால் வெட்டிய படம் ஒன்று அந்தப் பம்பில் இருக்கிறது. அதை வாசிக்க எந்த மொழியும் தேவையில்லை.

தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஓடினேன். சொல்ல நேரமில்லை. மிதித்தேன். தேங்காய் உருண்டு உடைந்தது. கற்பூரம் சப்பாத்தின் கீழ் நசிந்து, ஓரத்தால் நீல நாக்கை ஒருதரம் நீட்டி, அடங்கியது. ஆண்கள் கழிப்பறையில் இரண்டு மணி நேரம் நின்ற சப்பாத்து.

படம் பிடித்தவரின் தொலைபேசி கீழே இறங்கியது.

"சாமி நெருப்படா அது" என்றார் படம் பிடித்தவர், மெல்ல.

"பம்ப் அண்ணை. பெற்றோல் பம்ப். வாசிச்சுக் காட்டினனான். ரெண்டு தரம்."

"பத்து செக்கன்" என்றார் தலைவர். முகம் கறுத்திருந்தது. "பத்து செக்கனில என்ன வரப்போகுது? புது காரோ வானோ எடுத்தால் கொளுத்திறேல்லையோ? இது வானை விடப் பெரிசு. ஒண்டும் செய்யாமல் சாமிக்குப் பூப் போட ஏறுறதோ?"

"இது முப்பது வருசப் பழசு."

"எங்களுக்குப் புதுசுதானே."

அவர் ஏமாற்றவில்லை. அதுதான் இன்றுவரை என்னைக் குமட்டுகிறது. நெருப்புக் கூடாது என்று நான் வாசித்தபோது அவர் உண்மையாகவே தலையாட்டினார். கற்பூரம் நெருப்பு என்று அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரும்புப் படியில் காலடி கேட்டது. பொறுப்பதிகாரி இறங்கி வந்துகொண்டிருந்தார், அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக. அந்த அறை கண்ணாடியாக இருப்பதே எல்லாம் தெரிவதற்காகத்தான். வந்து எங்கள் நடுவில் நின்றார். கொங்கிறீட்டில் உள்ளங்கை அளவு கரி. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் பெற்றோலை மேவி இன்னொரு மணம் நின்றது. அவர் தலைவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"என்ன கிடைத்தது?"

"ஒண்டுமில்லையெண்டு சொல்லும்" என்றார் தலைவர் தமிழில், உதடு அசையாமல்.

நான் வாயைத் திறந்தேன். அப்போது வாசலில் கார் நின்ற சத்தம். நகரசபை உறுப்பினர் இருவர், பின்னால் படப்பிடிப்பாளர் ஒருவர். தூரத்திலேயே கை அசைத்தார்கள். பொறுப்பதிகாரி திரும்பிப் பார்த்தார். திரும்பிய தலை மறுபடி என் பக்கம் வர எடுத்த நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"எண்ணெய் சிந்தியிருக்கிறது" என்றார். "இல்லையா?"

அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். கேள்வியின் முடிவில் அவர் குரல் கெஞ்சியது, மிகக் கொஞ்சம், கொண்டையூசி அளவுக்கு.

"ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு ஜேர்மனில் சொன்னேன். "எண்ணெய்தான்."

"துடைத்துவிடுங்கள்."

துடைத்தேன். ஒரே இழுப்பில் போய்விட்டது. தலைவர் என் முதுகைத் தட்டினார். அந்தக் கை பட்ட இடம் அன்று முழுவதும் ஈரமாகவே இருப்பதுபோல் தோன்றியது.

விமானம் தேசிக்காய்களைப் பிதுக்கிக்கொண்டு உருண்டு போனது. தலைவர் பைகளோடு பின் இருக்கையில். நடந்ததை அன்னதானப் பந்தியில் கேட்டேன்: விமானம் இரண்டு தரம் வந்ததாம், சனம் அண்ணாந்து அரோகரா என்றதாம், சோள வயலுக்குள் பிள்ளைகள் ஓடினார்களாம். நான் நிலையத்தில் நின்று விமானம் இறங்கியதைத்தான் பார்த்தேன். காற்று வேலையைத் திருப்பிச் செய்திருந்தது. யன்னலால் தள்ளிய கூழில் பாதி பின்வாங்கி, வயிற்றிலும் வாலிலும் அப்பிக் கிடந்தது. தலைவர் சாம்பல் நிறத்தில் இறங்கினார். ஒரு பை மட்டும் திரும்பி வந்தது, வாய் இறுக்க முடிச்சுப் போட்டு. அதை யாரிடமும் பேசாமல் என் கையில் தந்தார். பாரமாக, இளஞ்சூடாக இருந்தது. நான் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கத் தேவையில்லை.

படப்பிடிப்பாளர் எடுத்த படத்தில் ஒரு பெண்பிள்ளை, உள்ளங்கையில் ஒரே ஒரு நல்ல இதழ், பின்னால் வானம். அது எங்கிருந்து விழுந்ததோ தெரியாது.

அன்றிரவு சாப்பிட இருந்தபோது மனைவி கேட்டாள், "கற்பூரத்தைச் சப்பாத்தால மிதிச்சனீங்களாம். கோயில் முழுக்கக் கதை."

"ஓம்."

"நல்ல காலம்" என்றாள். பிறகு, "அந்த அம்மா என்ன சொன்னவா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "எண்ணெயெண்டு சொன்னவா."

மனைவி என் தட்டைப் பார்த்தாள். இன்னொரு கரண்டி பருப்பு விட்டாள்.

மறுநாள் வாலைக் கழுவினேன். இதழும் பூச்சியும் ஒரே பசையாகக் காய்ந்திருந்தன. எது மலர், எது வயிறு என்று பிரிக்க ஏலாது. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு தரிப்பிடத்தை நடந்தேன். சப்பளிந்த தேசிக்காய் ஒன்று. தேங்காய்ச் சில் ஒன்று, காகம் கொத்திய அடையாளத்தோடு. பம்பின் அடியில், கரி பிடித்த கற்பூரத் துணுக்கு. மூன்றையும் தட்டில் வைத்து மேலே கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

பொறுப்பதிகாரி கேட்கவில்லை. பார்த்தார். தேசிக்காயை இரண்டு விரலால் தூக்கித் தன் குப்பைக் கூடைக்குள், தேநீர்ப் பைகளுக்கு அடியில் வைத்தார். தேங்காயையும் அப்படியே. கற்பூரத்தை ஒரு தாளில் மடித்தார். விரலைத் துடைத்துக்கொண்டு, பேனையை எடுத்து, திகதிக்கு நேரே எழுதினார்: ஒன்றுமில்லை. அதே வடிவான கையெழுத்து. கை நடுங்கியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இலையுதிர் காலத்தில் நகரசபை நிலையத்தை வைத்திருப்பதென்று முடிவெடுத்தது. அந்தப் பெண்பிள்ளையின் படம் நகரசபைக் கையேட்டில் வந்தது. கோயிலில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், ஒழுகுகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி. தலைவர் என்னைக் கண்டால் இப்போது "தம்பி, அடுத்த வருசம் ரெண்டு விமானம்" என்கிறார். நான் மிதித்ததை அவர் மன்னித்துவிட்டார். அவருடைய மன்னிப்பைச் சுமந்துகொண்டுதான் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன்.

பொறுப்பதிகாரி திரும்பவும் கேட்கத் தொடங்கிவிட்டார். "என்ன கிடைத்தது?" நானும் சொல்கிறேன். கூழாங்கல். போத்தல் மூடி. எழுதுகிறார்.

போன கிழமை பெருவிரல் நீளத்தில் ஒரு திருகாணி கிடந்தது. தட்டில் வைத்தேன்.

"எங்கே?"

"பம்புக்குப் பக்கத்தில்."

பேனை ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது, ஆனால் பதினொரு வருடமாக அந்தக் கையெழுத்தைத் தலைகீழாகத்தான் வாசித்து வருகிறேன். கொட்டகைக்குப் பக்கத்தில், என்று இருந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் வெந்நீரைத் திறந்து, சவர்க்காரம் போட்டு, இரண்டு தரம் கழுவினேன்.